நானூறு கற்கள், ஐந்து மணி லாரி

அத்தியாயம் பதினொன்று

அம்மா அழுது ஓய்ந்த இடத்தில் போன வாரம் அவர்களை விட்டுவிட்டு வந்தோம். இப்போது விடிந்து மணி ஆறாகிவிட்டது. அழுதுகொண்டே நோட்டு எழுத முடியாது என்பதால் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் மூத்த மகளுக்கு எதிரே பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். மேசை நடுவில் ஒரு நீல வாளி. வாளிக்குள் நானூறு கற்கள்.

கல் என்றதும் மோதிரத்தில் பதிக்கிற கல் என்று நினைத்துவிட வேண்டாம். சுண்டுவிரல் நகத்தளவு தகர டப்பி, அதற்கு இரண்டு கம்பிக் கால்கள், உள்ளே மெல்லிய படிகத் தகடு. மின்சாரம் பட்டால் அந்தத் தகடு துடிக்கும். இந்த வீட்டில் செய்கிற, பேசவும் கேட்கவும் ஆகிற அமெச்சூர் ரேடியோ செட் ஒவ்வொன்றுக்கும் இதில் ஆறு வேண்டும். காற்றில் நூறு குரல் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வரும்போது, வேண்டிய குரலை மட்டும் உள்ளே விட்டு மற்றதை வாசலிலேயே நிறுத்தும் வேலை இந்த ஆறு பேருடையது. ஆறும் ஒரே மாதிரி துடித்தால்தான் அது நடக்கும்.

மூடியில் அச்சடித்த எண் எல்லாவற்றிலும் ஒன்றுதான். அளந்து பார்த்தால் ஒவ்வொன்றும் துளித்துளி வேறு. கூடப் பிறந்தவர்களே ஒருவர் மாதிரி ஒருவர் இருப்பதில்லை, கல்லைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

அதனால் இரண்டு மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்து, முப்பத்திரண்டு குட்டி டிராயர்களில் பிரித்து வைத்திருந்தார்கள். பத்து நாள் முன்னால் கீழ்த்தளத்துப் பட்டறைக்குள் வெள்ளம் புகுந்தபோது வீட்டில் இருந்தது அம்மா மட்டும். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவள் முப்பத்திரண்டு டிராயரையும் இழுத்து, ஒரே வாளியில் கவிழ்த்து, மாடிக்குத் தூக்கி வந்துவிட்டாள். ஒரு கல் நனைந்து கெடவில்லை. ஆனால் எது எந்த டிராயர் என்பது மட்டும் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

புதிதாக வாங்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. கடல் தாண்டி ஒரு நாட்டில் இருக்கிறது இந்தக் கல்லைச் செய்கிற தொழிற்சாலை. போன மாதம் அங்கே நிலநடுக்கம். படிகத்தை மாதக்கணக்கில் அசையாமல் வளர்க்கிற கொப்பரைகள் எல்லாம் குலுங்கி விரிசல் விட்டுவிட்டன. எட்டு மாதத்துக்கு எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று கடிதம் வந்த மூன்றாம் நாள் இங்கே மழை கொட்டத் தொடங்கியது.

மழை மலையையும் விட்டுவைக்கவில்லை. மேலே இருபது முகாம்கள். எந்த முகாமிலும் செல்போன் கிடையாது, டவர்கள் சாய்ந்து கிடந்தன. மூத்தவளின் கணவன் ஒரே ஒரு செட்டைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் நாளே மேல் முகாமுக்கு ஏறியவன், ஒன்பது நாளாக இறங்கவில்லை. எல்லா முகாம்களுக்கும் மருந்து, அரிசி, படகு, டாக்டர் எல்லாம் அவன் ஒருவன் வாய் வழியாகத்தான். தினம் மாலை நாலு மணிக்கு வீட்டுக்கும் இரண்டு நிமிடம் பேசுவான். குரல் நாளுக்கு நாள் கரகரத்துக்கொண்டே வந்தது.

மாற்று ஆட்கள் ஏறினால்தான் அவன் இறங்க முடியும். ரேடியோ கிளப்பில் இருபது பேர் மூட்டை கட்டிக்கொண்டு தயாராக இருந்தார்கள். அவர்கள் கையில் கொடுக்கத்தான் செட் இல்லை.

"வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு இருபது செட்டு லாரியில ஏறும்" என்று மூத்தவள் கிளப் செக்ரட்டரியிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வியாழக்கிழமை இன்றுதான்.

"ஆரம்பிக்கலாமாம்மா?"

"ம்" என்றாள் அம்மா. "இந்தத் தடவை ஒண்ணோட ஒண்ணு கலக்கவே விட மாட்டேன். நீ அளந்து சொல்லச் சொல்ல எழுதி, வரிசையா இந்த முட்டை அட்டைக் குழியில வெச்சுடறேன். ஒரு குழிக்கு ஒரு கல். எந்தக் கல்லு எந்த செட்டுக்குப் போகுதோ அதையும் எழுதிடறேன்."

"அவ்வளவெல்லாம் வேண்டாம்மா. நம்பர் மட்டும் எழுது, போதும்."

"நீ உன் வேலையைப் பாரு."

மூத்தவள் இடுக்கியால் முதல் கல்லை எடுத்து அளக்கிற கருவியில் செருகினாள். திரையில் எண் ஓடி நின்றது. கடைசி மூன்று இலக்கத்தைச் சொன்னாள். அம்மா எழுதினாள். அடுத்த கல்.

படுக்கையறையில் தம்பி ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருந்தான். இவனுக்கு வீட்டில் பெயர் ராக்கெட். எதைச் சொன்னாலும் சொல்லி முடிப்பதற்குள் கிளம்பிவிடுவான், எங்கே போய் விழுவான் என்பது அவனுக்கே தெரியாது. ஆனால் அவன் கையில் சூட்டுக்கோலைக் கொடுத்தால் ஈயம் சொன்னபடி கேட்கும். கட்டில் மேல் இருபது சர்க்யூட் போர்டுகளை வரிசையாகப் பரப்பி, வெள்ளத்தில் நனைந்த போர்டுகளைச் சேறு போகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

எட்டு மணிக்கு அவன் தலை கதவில் தெரிந்தது.

"அக்கா, போர்டுல இன்னும் ஈரம் இருக்கு. பக்கத்து வீட்டுல ரெண்டு ரூம் ஹீட்டர் வாங்கிட்டு வந்திருக்கேன். இந்த மேசைக்கு அடியில வெச்சுக் காயவைக்கட்டுமா? அங்க பிளக்கு காலியா இல்லை."

"வெச்சுக்கோ, வெச்சுக்கோ. பேசிப் பேசி நேரத்தைக் கொல்லாதே. எரநூத்தி முப்பதுல இருக்கேன்" என்றாள் மூத்தவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

ஒன்பதரைக்கு வாளி காலியானது. பதினாலு முட்டை அட்டைகள் நிரம்பியிருந்தன. அம்மா நோட்டைப் பார்த்து, எண் நெருங்கி வருகிற கற்களை ஆறு ஆறாகச் சொல்லச் சொல்ல, மூத்தவள் பொறுக்கிப் பொட்டலம் கட்டினாள். ராக்கெட் பொட்டலத்தைப் பிரித்துப் பற்றவைத்தான். வீட்டில் அதற்குப் பிறகு மூன்றரை மணி நேரம் சூட்டுக்கோலின் புகையையும் விசிறியின் சத்தத்தையும் தவிர வேறெதுவும் இல்லை. ஒரு மணிக்குப் பதினாலு செட் தயார். இன்னும் ஆறுதான் பாக்கி.

"சொன்னேன்ல?" என்று ராக்கெட் கைகளை உதறினான். "மூணு மணிக்கே முடிச்சுட்டு நான் குளிச்சே வருவேன்."

மூத்தவள் முதல் செட்டை எடுத்து ஏரியல் கம்பியை மாட்டினாள். ஹெட்போனைப் போட்டாள். டயலை மெல்லத் திருப்பினாள்.

யாரோ பேசினார்கள். பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. அந்தக் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல். அதற்கும் பின்னால் மூன்றாவதாக ஒருவர் சிரித்தார். மூன்று பேரும் ஒரே வாசலில் இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

இரண்டாவது செட்டைப் போட்டாள். அது நன்றாக இருந்தது. மூன்றாவது மறுபடியும் பானை. நான்காவதும் பானை.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். முகத்தைப் பார்த்ததும் அம்மா நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகே வந்தாள்.

"என்னடி?"

மூத்தவள் கையை மேசை மேல் வைத்தாள். மரம் வெதுவெதுவென்றிருந்தது. அளக்கிற கருவியின் தகரப் பெட்டியைத் தொட்டாள். அதுவும் சுட்டது. குனிந்து பார்த்தாள். மேசைக்கு அடியில் இரண்டு ஹீட்டர்களும் கடமையே கண்ணாக எரிந்துகொண்டிருந்தன.

இந்தப் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. எண் நிச்சயமாகத் தெரிந்த ஒரு கல்லைத் தனியாகப் பஞ்சில் சுற்றி வைத்திருப்பார்கள். அதற்குத் தாய்க்கல் என்று பெயர். மணிக்கு ஒரு முறை அதைக் கருவியில் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய எண்ணையே காட்டினால் கருவி சரி. மாற்றிக் காட்டினால் கருவி சூட்டிலோ குளிரிலோ நழுவிவிட்டது என்று பொருள், அதற்கப்புறம் அளந்ததெல்லாம் பொய். சட்டத்தைப் போட்டவளே மூத்தவள்தான். ஒரு முறை ராக்கெட் தாய்க்கல்லை மறந்ததற்கு அவனை இரண்டு நாள் பேசாமலே கொன்றவள்.

இன்று காலையிலிருந்து அவள் அதை ஒரு தடவைகூடப் போடவில்லை.

இப்போது பஞ்சைப் பிரித்துப் போட்டாள். திரையில் வந்த எண் இருநூறு தள்ளி நின்றது.

"தப்பு பண்ணிட்டேன்" என்றாள். "காலையில அளந்த கல்லுக்கு ஒரு கணக்கு, ஹீட்டர் வெச்சதுக்கு அப்புறம் அளந்த கல்லுக்கு ஒரு கணக்கு. ரெண்டையும் ஒண்ணா நெனச்சு சேர்த்துட்டேன். தாய்க்கல்லைப் போடவே இல்லைடா."

ராக்கெட் வாயைத் திறந்தான். சாதாரண நாளாக இருந்தால் அவன் இந்த ஒரு நிமிடத்துக்காக இரண்டு வருடம் காத்திருந்தவன். ஆனால் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லாமல் விட்டான்.

"சரி, விடுக்கா. சத்தம் வருதுல்ல? பேசினா கேக்குதுல்ல? அங்க யாரும் பாட்டு கேக்கப் போறதில்லை. கொஞ்சம் கரகரன்னா என்ன? பதினாலும் அப்படியே போகட்டும்."

"இருபது பேரு ஒரே நேரத்துல பேசப் போறாங்கடா. பக்கத்துப் பக்கத்துல உக்காந்து பேசுவாங்க. மருந்து வேணும்னு ஒருத்தன் சொல்றது இன்னொருத்தன் பேச்சுல அமுங்கிப் போச்சுன்னா, கரகரன்னு இருந்துச்சுன்னு சொல்லி அழ முடியுமா?"

"அப்ப நானூறையும் திரும்ப அளக்கணுமா? மணி ஒண்ணு பத்து! அளக்கவே மூணரை மணி நேரம். அதுக்குள்ள லாரி மலையேறிடும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பது நாளாகத் தேய்ந்துகொண்டு வருகிற அந்தக் குரல் காதில் ஓடியது. இன்று லாரி வெறுங்கையோடு போனால் அடுத்த லாரி எப்போது என்று யாருக்கும் தெரியாது. தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"ஏண்டி" என்றாள் அம்மா மெதுவாக. "சூடு ஏற ஏறத்தானே நம்பர் நழுவியிருக்கு? திடீர்னு குதிச்சிருக்காதே?"

"ஆமா. கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

"அப்ப எது முன்னாடி அளந்தது, எது பின்னாடி அளந்ததுன்னு தெரிஞ்சா போதாதா?" அம்மா நோட்டை அவள் பக்கம் திருப்பினாள். "வரிசைப்படிதான் வெச்சிருக்கேன். முதல் அட்டை காலையில ஆறு மணி. கடைசி அட்டை ஒன்பதரை. எந்தக் கல்லு எந்தக் குழியில இருந்து எந்த செட்டுக்குப் போச்சுன்னும் இருக்கு."

மூத்தவள் நோட்டைப் பார்த்தாள். பத்து நாளாக ஒருவரும் ஒரு வார்த்தை திட்டாததே பெரிய தண்டனையாக இருந்த அம்மா, ஒரு குழி விடாமல், ஒரு எண் அடிக்காமல் எழுதி வைத்திருந்தாள். பதினாலு அட்டை. ஒவ்வொரு அட்டையிலும் முதல் கல்லையும் கடைசிக் கல்லையும் மட்டும் மறுபடி அளந்தால் போதும். அந்த அட்டையில் கருவி எவ்வளவு நழுவியிருந்தது என்று தெரிந்துவிடும். நடுவில் இருப்பதைக் காகிதத்திலேயே திருத்திக்கொள்ளலாம்.

நானூறு முறை அளக்க வேண்டியது இருபத்தெட்டாகச் சுருங்கிவிட்டது.

"அம்மா" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சுறதுக்கு நேரமில்லை. முதல்ல அந்த ஹீட்டரை அணைங்கடா!"

ராக்கெட் இரண்டு ஹீட்டர்களையும் பிடுங்கி மாடிப்படியில் தள்ளினான். ஜன்னல்களைத் திறந்தான். விசிறியைக் கருவிப் பக்கம் திருப்பினான். கருவி ஆறுவதற்கு இருபது நிமிடம் காத்திருந்தார்கள். அந்த இருபது நிமிடம் மாதிரி நீளமான இருபது நிமிடம் அந்த வீட்டுக் கடிகாரத்தில் அதுவரை வந்ததில்லை. தாய்க்கல் தன் பழைய எண்ணுக்குத் திரும்பியதும் மூத்தவள் முதல் அட்டைக்குக் கை நீட்டினாள்.

இரண்டு மணிக்குக் கணக்கு முடிந்தது. பதினாலில் ஆறு செட் தப்பித்திருந்தது. அதிலிருந்த ஆறு ஆறு கற்களும் பக்கத்துப் பக்கத்துக் குழியிலிருந்து வந்தவை, அதனால் ஒரே அளவு நழுவியிருந்தன. எட்டைப் பிரித்து மாற்ற வேண்டும். புதிதாக ஆறு செய்ய வேண்டும். மூன்று மணி நேரத்தில் பதினாலு.

"இப்ப நான் ராக்கெட்டா இருந்துக்கறேன், நீ யாரும் தொந்தரவு பண்ணாம பாத்துக்கோ" என்று தம்பி சூட்டுக்கோலைக் கையில் எடுத்தான்.

"நிதானமா ஓட்டு. ஒரு கால் உடைஞ்சாலும் அதுக்குப் பொருந்துற கல்லை முதல்லேருந்து தேடணும்."

அம்மா எண்களைப் படித்தாள். மூத்தவள் பொறுக்கினாள், இன்னொரு சூட்டுக்கோலை எடுத்துத் தானும் பற்றவைத்தாள். இடையிடையே தாய்க்கல்லைப் போட்டாள், கால் மணிக்கு ஒரு தடவை. இப்போது சூடுபட்ட பூனையாக இருந்தாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், ஆனால் உண்மை அதுதான். முடிந்த ஒவ்வொரு செட்டையும் காதில் வைத்துப் பார்த்த பிறகே மூடி போட விட்டாள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அம்மா எழுந்து அலமாரியிலிருந்த சொந்த செட்டைப் போட்டாள். ஒரு காலத்தில், "பெட்டிகிட்ட பேசுற மனுஷனுக்குப் பொண்ணைக் குடுத்துட்டேனே" என்று சொந்தக்காரர் வீடு ஒன்று விடாமல் புலம்பியவள். இப்போது வீட்டோடு மாப்பிள்ளையின் இரண்டு நிமிடத்துக்காக மூன்றரை மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்க்கிறாள்.

நாலு மணி. செட்டில் இரைச்சல்.

நாலு ஐந்து. இரைச்சல்.

"மாமா லேட் பண்ண மாட்டாரே" என்றான் ராக்கெட்.

"பேட்டரி தீர்ந்திருக்கும்" என்றாள் அம்மா. அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

நாலு பத்து. ஒன்பது நாளில் ஒரு நாள்கூட இப்படி ஆனதில்லை. மூத்தவள் கையில் பதினாறாவது செட். அதை அப்படியே போட்டுவிட்டு அலமாரிக்கு ஓட வேண்டும், டயலைத் திருப்பித் திருப்பித் தேட வேண்டும் என்று உடம்பு முழுக்கத் தவித்தது. எழக்கூட எழுந்துவிட்டாள். நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நீ போய்க் கேளும்மா" என்று ராக்கெட் சொன்னான். அவன் வாழ்நாளில் அக்காவை "அம்மா" போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. "நான் பாத்துக்கறேன்."

"நான் தேடினா அவர் குரல் வந்துடுமா? வந்தாலும் இங்க இருந்து நான் என்ன பண்ண முடியும்? அவருக்கு வேண்டியது நான் கேக்கறது இல்லை. இது போய்ச் சேரணும்." மறுபடி உட்கார்ந்தாள். "அம்மா, அடுத்த ஆறு சொல்லு."

அம்மா சொன்னாள். குரல் உடைந்திருந்தது, எண்கள் உடையவில்லை.

ஐந்து மணிக்கு வாசலில் ஹாரன் கேட்டது. செக்ரட்டரி மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். நல்ல மனிதர், ஆனால் நின்ற இடத்தில் நிற்கத் தெரியாதவர்.

"எத்தனை?"

"பத்தொன்பது பெட்டியில. இருபதாவது இதோ" என்று மூத்தவள் கையிலிருந்ததைக் காட்டினாள். கற்கள் பற்றவைத்தாகிவிட்டது. குரலைக் கூர்மையாக்குகிற திருகாணிகளைச் சரிப்படுத்தவில்லை, காதில் வைத்துப் பார்க்கவும் இல்லை.

"பத்தொன்பது போதும்மா. இதை அடுத்த தடவை பாத்துக்கலாம். இருட்டுறதுக்குள்ள பாலத்தைத் தாண்டணும்."

"இருபதுன்னு சொன்னேன். இருபது." அவள் திருப்புளியையும் ஹெட்போனையும் மைக்கையும் பேட்டரியையும் ஒரு சுருள் கம்பியையும் பையில் போட்டுக்கொண்டாள். "பாலம் வரைக்கும் நானும் வரேன். வண்டியில உக்காந்தே முடிச்சுடறேன். தம்பி பைக்ல பின்னாடி வந்து என்னைக் கூட்டிட்டு வந்துடுவான்."

செக்ரட்டரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

லாரியின் பின்பக்கம், மருந்துப் பெட்டிகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் ரேடியோக்காரர்கள் இருபது பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவளுக்கு முன்னால் டிரைவர், செக்ரட்டரியோடு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழி முழுக்க வண்டி குலுக்கிய குலுக்கலில் திருப்புளி மூன்று தடவை கையைக் குத்தியது. திருகாணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே வந்தாள். நாலு மணியைப் பற்றி நினைக்கக் கூடாது என்று நினைத்து நினைத்தே நினைத்தாள்.

பாலத்துக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. டிரைவர் என்ஜினை அணைத்தார். பின்னாலேயே வந்த ராக்கெட், பைக்கைச் சாய்த்து நிறுத்திவிட்டு ஜன்னலருகே வந்து நின்றான்.

"முடிஞ்சுதா? இறங்கு, போகலாம்."

"ரெண்டு நிமிஷம்."

சுருள் கம்பியை வெளியே எறிந்து, "அந்த மரத்துல கட்டுடா" என்றாள். கட்டினான். அவள் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு டயலைத் திருப்பினாள். நல்ல சத்தமாக ஒரு நிலையம் பேசிக்கொண்டிருந்தது. செட்டைச் சோதிக்க அதைவிடத் தோதான ஆள் கிடைக்க மாட்டான். அவன் குரலிலிருந்து ஒரு மயிரிழை நகர்த்தினாள். கத்தியால் வெட்டின மாதிரி அவன் காணாமல் போனான். வாசலில் ஆறு பேரும் சரியாக நிற்கிறார்கள். இருபதாவது செட்டும் தேறிவிட்டது.

ஹெட்போனைக் கழற்றப் போன கை நின்றது.

அந்த நிலையம் இருந்த இடத்துக்கு ஒட்டினாற்போல், அது இதுவரை மறைத்துக்கொண்டிருந்த இடத்தில், நூல் மாதிரி ஒரு குரல். ஒரு பெண். ரேடியோக்காரர்கள் பேசுகிற மொழி எதுவும் தெரியாத பெண்.

"...யாராவது இருக்கீங்களா... மேல் முகாம்... யாராவது கேக்கறீங்களா..."

மூத்தவள் மைக்கை அழுத்தினாள். "கேக்குது. நல்லாக் கேக்குது. சொல்லுங்க."

மறுமுனையில் அழுகைச் சத்தம். பிறகு, "நாலு மணியில இருந்து கத்திட்டு இருக்கேங்க. இந்தக் குமிழைத் தெரியாம திருப்பிட்டேன். அப்புறம் யாருமே பதில் சொல்லல."

"பரவாயில்லை. நான் இருக்கேன். சேதி என்ன? மெதுவா சொல்லுங்க."

நம் மூத்தவளுக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஆனால் ரேடியோவில் உட்கார்ந்தவர்கள் முதலில் சேதியைத்தான் வாங்க வேண்டும். அவள் பென்சிலை எடுத்து, மடியிலிருந்த செட்டுப் பெட்டியின் அட்டையைக் கிழித்து எழுதினாள்.

"தெக்கு ரோட்டுக்கு மேல ஏரிக்கரை கசியுதாம். இன்னிக்கு வர்ற லாரி தெக்கு ரோட்டுல வரக் கூடாதாம். வடக்கு ரோட்டுல வரணுமாம். இதைச் சொல்லச் சொன்னாரு."

"திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. தெற்கு ரோடு வேண்டாம். ஏரிக்கரை கசியுது. வடக்கு ரோட்டுல வரணும்."

"ஆமாங்க. ஆமாம்."

பாலத்தைத் தாண்டினால் தெற்கு ரோடு. வடக்கு ரோடு பாலத்துக்கு இந்தப் பக்கமே இடதுகையில் பிரிந்து போகிறது, மூன்று மணி நேரம் சுற்று. எழுதிய அட்டையை அவள் செக்ரட்டரி கையில் கொடுத்தாள். அவர் அதைப் படித்துவிட்டு, இன்னும் நாலு வண்டி தள்ளி இருந்த பாலத்தைப் பார்த்தார். இறங்கி முன்னால் நின்ற வண்டிகளைத் தடுக்க ஓடினார்.

இப்போது கேட்கலாம்.

"சேதி சொல்லச் சொன்னவர் எங்க? பக்கத்துல இருக்காரா?"

"அந்தக் கரையைப் பாக்கத்தாங்க மத்தியானம் திரும்பவும் போனாரு. நாலு மணிக்குள்ள வரலைன்னா இந்தப் பொத்தானை அமுக்கி இதைச் சொல்லுன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனாரு. இன்னும் வரல."

மரத்தடியில் நின்ற ராக்கெட்டுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அக்கா முகம் தெரிந்தது. ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டான்.

"என்னக்கா? மாமாவா? என்ன சொல்றாரு? நீ இறங்கு முதல்ல."

"நான் இறங்கலடா. கம்பியை அவுத்துக் குடு. நீ வீட்டுக்குப் போய் அம்மாகூட இரு. மீதிக் கல்லெல்லாம் அப்படியே வரிசையில இருக்கட்டும், இன்னும் செட்டு வேண்டியிருக்கும்." டிரைவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, வண்டியைத் திருப்புங்க. வடக்கு ரோடு."

செக்ரட்டரி ஓடி வந்து ஏறிக்கொண்டதும் என்ஜின் உறுமியது. ராக்கெட் மரத்திலிருந்து அவிழ்த்து எறிந்த கம்பியை அவள் ஜன்னல் வழியாக இழுத்து, லாரியின் பக்கக் கண்ணாடி மாட்டிய கம்பியில் இறுகக் கட்டினாள். மைக்கை மறுபடி அழுத்தினாள்.

"அம்மா, இருக்கீங்களா? அந்தக் குமிழைத் தொடாதீங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை என்னைக் கூப்பிடுங்க. ராத்திரி முழுக்கக் கூப்பிடுங்க. நான் கேட்டுக்கிட்டே வரேன்."